கட்டியவர் வந்து அவிழ்க்கும்வரை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகள் இருவருக்கும், தங்கைக்கும்:

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் தலை நரைத்து ஓய்வு பெற்ற பிறகுதான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் இந்த வேலையை விட்டுப் போகிறேன். ரங்கூனை விட்டே போகிறேன். எப்போது திரும்புவேன் என்று என் அம்மாவிடமே சொல்ல முடியவில்லை. அதனால் பென்ஷன்காரர் செய்யவேண்டிய காரியத்தை நான் முன்கூட்டியே செய்துவிடுகிறேன்.

ஆபீசில் உங்களோடு பர்மியத்தில்தான் பேசினேன். இதைத் தமிழில் எழுதக் காரணம், இதில் வருகிறவர்கள் பேசியது பெரும்பாலும் தமிழில். நீங்கள் மூவரும் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை அம்மன் கோயிலின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துப் படித்தவர்கள், என்னைப் போலவே. என் அப்பா ரங்கூனின் அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருக்கு எந்த மொழியிலும் கையெழுத்துப் போட வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எழுத உட்கார்ந்தாலே எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். கொஞ்சம் விறைப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சிலைகளையும் மணிக்கூண்டுகளையும் கட்டடங்களையும் செப்பனிடுவது நம் தொழில். எந்த உலோகத்துக்கு எந்த மருந்து, எவ்வளவு எடையைத் தூக்க என்ன வார்ப்பட்டை என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது சக்கரத்தம்மாவைப் பற்றி. இனி அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் நீங்கள்.

அலோனில், ஆற்றை ஒட்டி ஒரு பழைய அரிசி மில் இருந்தது. விக்டோரியா ராணி காலத்து வெள்ளைக்காரர் ஒருவர் கட்டியது. நீராவி எஞ்சின் பொருத்துகிற பொறியாளராக வந்து, மில், வார்ப்படப் பட்டறை, படகுத்துறை என்று வளர்ந்தவர். அவருக்கு ஒரு விநோதமான பிரியம் இருந்தது. சம்பாதித்த பணத்தில் பொது இடங்களில் சிலை வைப்பார். தன் ஊரிலும் வைத்தார், இங்கேயும் வைத்தார். ராஜாக்கள், தளபதிகள், கவிஞர்கள். தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்று நாங்கள் எவ்வளவு தேடியும் ஒரு படம் கிடைக்கவில்லை. நாடு விடுதலை ஆனபோது தெருவில் நின்ற சிலைகள் போய்விட்டன. மில் மதிலுக்குள் நின்ற ஒன்று மட்டும் யார் கண்ணிலும் படாமல் தப்பியது.

அது வெண்கலத்தில் வார்த்த ஒரு பெண். எஞ்சின் சக்கரம் ஒன்றின் மேல் வலக்கையை ஊன்றி, ஆற்றைப் பார்த்து நிற்பாள். உழைப்பின் பெருமையைக் காட்டத் துரை அதைச் செய்வித்தாராம். அவருடைய மில்லில் உமி அடுப்பின் முன்னால் வெந்து செத்தவர்களுக்கு ஒரு கல்கூட நடப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கடல் கடந்து வந்த நம் ஆட்களுக்கு அவள் துரை நினைத்தவளாக இல்லை. மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், சேலை கட்டினார்கள். சக்கரத்தம்மா ஆகிவிட்டாள்.

அந்த மில்லில் துரை போட்ட விதி ஒன்று இருந்தது. எந்திரத்தின் வயிற்றுக்குள் ஆள் இறங்கும்போது, அதை ஓட்டுகிற கைப்பிடியின் நட்டைக் கழற்றி, நூலில் கோத்து, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் கட்டிவிட்டுப் போகவேண்டும். வெளியே வந்ததும் அவனே அவிழ்க்கவேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது, துரையே ஆனாலும். இன்று நாம் சுவிட்சில் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறோமே, அதே விதிதான்.

மில்லின் ஆட்கள் நட்டைக் கட்டத் தேர்ந்த இடம் சக்கரத்தம்மாவின் சக்கரம். அப்புறம் அது எந்திரத்தோடு நிற்கவில்லை. ஊருக்குக் கப்பல் ஏறுகிறவன் ஒரு நட்டைக் கட்டிவிட்டுப் போனான். திரும்பி வந்து அவனே அவிழ்த்தான். உலகச் சண்டைக் காலத்தில் குண்டுக்குப் பயந்து ஊருக்கு நடந்தே போனவர்கள் கட்டினார்கள். பிறகு மலேயாவுக்கு, சிங்கப்பூருக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம். மில் நின்று போன பிறகும் பழக்கம் நிற்கவில்லை. போனவன் செத்துவிட்டான் என்று உறுதியான தகவல் வந்தால் மட்டும் வீட்டார் நூலை அறுத்து, காரியம் செய்து, நட்டை ஆற்றில் விடுவார்கள். தகவலே வராதவர்களின் நட்டுகள் அப்படியே தொங்கின. காற்றடித்தால் சக்கரம் முழுக்கச் சன்னமாக ஒரு ஓசை எழும்.

மில் வளாகம் விற்கப்பட்டது. வாங்கியவர் அங்கே பெரிய கட்டடம் கட்டுகிறார், அதன் வரவேற்புக் கூடத்தில் அந்தச் சிலையைச் சுத்தம் செய்து நிறுத்தவேண்டும் என்று விரும்பினார். வேலை நம்மிடம் வந்தது.

எங்கள் குழுவுக்குத் தலைமை ஒரு பர்மியப் பெண் பொறியாளர். பள்ளிக்கூட டீச்சரையும் மேலதிகாரிப் பெண்ணையும் நாம் சயாமா என்றுதான் கூப்பிடுகிறோம். அவரை அப்படியே குறிப்பிடுகிறேன், பெயர் போடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். என்னைவிடச் சில வயது மூத்தவர். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு வருவார். கோபம் வந்தால் குரல் தணியும். குரல் தணிந்தால் நாங்கள் ஓடி ஒளிவோம்.

சயாமா முதல் நாளே கேட்டார்: "இது உங்க சாமி. எடுக்கலாமா? உங்க ஆளுங்ககிட்ட கேட்டியா?"

கேட்டேன். கோயில் குருக்கள் வந்து பாலாலயம் செய்தார். சிலையைச் செப்பனிடுவதற்கு முன்னால் அம்மனின் சக்தியைத் தண்ணீர்க் குடத்தில் இறக்கி, வேறிடத்தில் வைத்துப் பூஜை செய்வது முறை. மேளம் அடித்து, குடத்தைத் தலையில் சுமந்து மிங்கலா தாங்ஞுன்ட் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். "இனிமே இது வெறும் வெண்கலம். தாராளமா வேலை பாருங்கோ" என்றார் குருக்கள். எல்லாருக்கும் நிம்மதி. எங்கள் ஜனங்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. சாமிக்கு வழி பண்ணிவிட்டோம், மனிதருக்கும் வழி ஆகிவிட்டது என்று கோயில் கமிட்டியும் நானும் ஊரும் சேர்ந்தே நினைத்துக்கொண்டோம்.

தூக்குகிற நாள் காலை மழை மேகம் இறங்கிக் கிடந்தது. கிரேன் வந்துவிட்டது. வார்ப்பட்டையைப் போடச் சக்கரத்தில் இடம் வேண்டும். நட்டுக் கொத்துகளை அறுத்து ஒரு கூடையில் போடுவது என்று ஏற்பாடு. கத்தியோடு ஒருவன் ஏணியில் கால் வைத்தபோது செல்லம்மா அத்தை வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

செல்லம்மா அத்தை துறைமுகத்து வாசலில் இட்லி விற்கிறவர். அவருக்கு ஒரே பையன், சேகர். ரங்கூன் ஓரத்தில், ஷ்வேப்யிதாவில், சட்டை தைக்கிற பேக்டரியில் இருந்தான். பிறகு எல்லை தாண்டிப் போய் மீன்பிடிப் படகில் ஏறினான். கொஞ்ச நாள் போன் வந்தது. அப்புறம் இல்லை. போவதற்கு முன் அவன் கட்டிய நட்டு அந்தச் சக்கரத்தில் இருந்தது. அன்று காலையில்தான் எனக்குக் காட்டியிருந்தார். அச்சுக்குப் பக்கத்தில், இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவில். மற்றதெல்லாம் நரைத்த பருத்தி நூல். அவனுடையது மட்டும் பேக்டரியில் வெட்டிப் போட்ட நீலத் துணி விளிம்பு.

"ஏணிய விடுங்க அத்தை. குருக்கள்தான் எல்லாம் செஞ்சுட்டாரே" என்றேன்.

"செஞ்சாரு. நானும்தான் கும்பிட்டேன். அம்மா குடத்துக்குப் போயிட்டா. எம்புள்ள எங்கடா போவான்?"

கத்தி வைத்திருந்தவனை இறங்கச் சொல்லிக் கை காட்டினேன்.

"சொல்லேன். என்ஜினீருக்குப் படிச்சவன்தானே நீ. ஊருக்கெல்லாம் சீனி முட்டாய் குடுத்தாரே ஒங்கப்பன், எம்மவன் பாஸ் பண்ணிட்டான்னு. அந்தப் படிப்புல இதுக்கு ஒரு வழி எழுதலியா?"

அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் சேர்ந்துவிட்டார்கள். லட்சுமி என்ற சின்னப் பெண், நிறைமாதம். கணவன் மலேசியா போய் இரண்டு மாதமாகப் பேச்சில்லை. அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்கியவரின் மேனேஜர் குடையை மடக்கிக்கொண்டு ஓடிவந்தார். "சயாமா, மழை வரப்போகுது, கிரேன் நிக்குது! நாலு பழைய நட்டுக்கு இவ்வளவு பேச்சா? வேணும்னா புதுசா ஒரு பெட்டி வாங்கித் தர்றேன்!"

"வாங்கு. ஒன் தலையில மாட்டு. ஏதாச்சும் கழண்டிருந்தா இறுகும்" என்றார் செல்லம்மா அத்தை தமிழில். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

சயாமா என்னை ஓரமாக அழைத்தார். "அந்த அம்மா என்ன சொல்றாங்க? சுருக்காம முழுசா சொல்லு."

சொன்னேன். துரையின் விதியையும் சொன்னேன். அதுவரை அவரிடம் அதைச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காணிக்கை, வேண்டுதல் என்று மட்டுமே சொல்லியிருந்தோம். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். சக்கரத்தை நிமிர்ந்து பார்த்தார். குரல் தணிந்தது.

"அப்போ இது பூட்டு."

"ஆமா சயாமா."

"பூட்டு தொங்கினா என்ன அர்த்தம்?"

"உள்ளே ஆள் இருக்கான்னு அர்த்தம்."

"உள்ளே ஆள் இருக்கறப்ப நாம எந்த மெஷினையாவது தொட்டிருக்கோமா?"

தம்பிகளே, தங்கையே, அவர் யோசித்தது அவ்வளவு நேரம்தான். பக்தியைப் பற்றியோ மரபைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அவர் பௌத்தர், நம் அம்மனிடம் அவருக்கு வேண்டுதல் ஒன்றும் கிடையாது. நம் தொழிலின் முதல் விதியை எடுத்து, அது இங்கேயும் செல்லும் என்று முடிவு செய்தார். நெருக்கடியில் புது ஞானம் எதுவும் வந்து உதவாது என்று அன்று எனக்குத் தெரிந்தது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை அந்த இடத்தில் நினைவுக்குக் கொண்டுவர முடிகிறதா என்பதுதான் கேள்வி.

மேனேஜரிடம் போனார். "சிலை உங்களுக்கு. சக்கரம் வராது. அச்சோட கழற்றி இவங்ககிட்ட குடுக்கப்போறேன். கைக்குக் கீழே இரும்புத் தாங்கி ஒண்ணு வச்சு நிறுத்தித் தர்றேன், விழாது."

"முதலாளி முழுச் சிலை கேட்டாரு!"

"என் பேரைச் சொல்லுங்க. என் முடிவுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

போட்டும் தந்தார்.

துறையிலிருந்து மூங்கிலோடு ஆட்கள் வந்தார்கள். மூட்டை தூக்குகிற தோள்கள். அச்சில் எண்ணெய் விட்டு, முளையைத் தட்டி, சக்கரத்தை அங்குலம் அங்குலமாக வெளியே இழுத்தோம். நட்டுகள் எல்லாம் ஒரே குரலில் சலசலத்தன. கடைசி இழுப்பில் சக்கரம் ஒரு குலுங்கு குலுங்கியது.

ஒரு நட்டு கீழே விழுந்தது.

சிமெண்டுத் தரையில் ஒருமுறை எகிறி, உருண்டு, நின்றது. அதோடு மக்கிப்போன பருத்தி நூல் ஒரு துண்டு. தோளில் மூங்கில் வைத்திருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எங்கிருந்து விழுந்தது, யாருடையது, எந்தக் காலத்து நட்டு, ஒன்றும் தெரியாது. நூல் அறுந்தால் சாவுச் செய்தி என்று எல்லாருக்கும் மனதில் பதிந்திருக்கிறது. வந்திருந்த ஒவ்வொருவர் முகத்திலும் அதே கேள்வி. லட்சுமி மெல்லக் கீழே உட்கார்ந்தாள். அவள் உதடு வெளுத்துவிட்டது. "அக்கா... அது... எங்க வீட்டுக்காரருதும் வெள்ளை நூலுதான்க்கா..." என்றாள்.

செல்லம்மா அத்தை போய்க் குனிந்து நட்டை எடுத்தார். முந்தானையில் துடைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னுது" என்றார்.

நட்டை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"எம்மவன் கட்டுனது எனக்குத் தெரியாதா? இது சேகருதுதான். ஏய் லட்சுமி, எந்திரி. ஈரத்துல ஒக்காராத. ஒம்புருசன் நட்டு அங்கனதான் தொங்குது, போ."

நான் சக்கரத்தைப் பார்த்தேன். அச்சுக்குப் பக்கத்தில், இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவில், நீலத் துணி விளிம்பு அப்படியே இருந்தது. முடிச்சுகூட நெகிழவில்லை. நிமிர்ந்தபோது அத்தை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாதே என்று கண் காட்டக்கூட இல்லை. நான் சொல்லமாட்டேன் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

சொன்ன சொல்லோடு அது முடியவில்லை. என்னுடையது என்று எடுத்த பிறகு அதற்குரியதை எல்லாம் செய்யவேண்டும். துக்கம் கேட்க வந்தார்கள். அழுதார்கள். அத்தையும் அழுதார், நடிப்பாக இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத மகனுக்காக, ஊர் நடுவில் உட்கார்ந்து, செத்தவனுக்கு அழுகிற அழுகையை அழுதார். அலோன் படித்துறையில் காரியம் நடந்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். குருக்கள் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு, "பேர் சொல்லுங்கோ" என்றார்.

அத்தை ஆற்றையே பார்த்தார். சேகர் என்று அவர் வாயில் வரவில்லை.

"அம்மாவுக்குத் தெரியும் பேரு. நீங்க எள்ள எறைங்க சாமி."

குருக்கள் ஒரு கணம் தயங்கினார். பிறகு இறைத்தார். நட்டு தண்ணீரில் போயிற்று. யாருடைய பிள்ளைக்கோ அன்று காரியம் ஆனது. எந்தக் காலத்தில் எந்தத் தாய் பார்த்துப் பார்த்து ஓய்ந்து போனாளோ, அவள் பிள்ளைக்கு.

சயாமாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதலாளி புகார் கொடுத்தார். ஆபீசில் யாரும் அவரைத் திட்டவில்லை. பெரிய வேலைகள் அவரிடம் வராமல் நின்றன, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவரே விலகிவிட்டார். இப்போது வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். கடைசி நாள் தன் ஹெல்மெட்டை என் மேசையில் வைத்தார். "தூக்கறதுக்கு முன்னாடி எடையைக் கேட்டோம், உலோகத்தைக் கேட்டோம். எதுக்காகக் கட்டியிருக்குன்னு கடைசியிலதான் கேட்டோம். இனிமே அதை முதல்ல கேளு" என்றார். அந்த ஹெல்மெட் உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. தங்கை போட்டுக்கொள்ளட்டும்.

சிலை அந்தப் பளபளக்கும் கூடத்தில் நிற்கிறது. ஒருமுறை போய்ப் பார்த்தேன். தாங்கி வெளியே தெரியாதபடி செய்திருக்கிறோம். அதனால் அவள் காற்றின் மேல் கை ஊன்றி நிற்பது போல இருக்கிறது. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திருப்பி நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ பெரிய மனிதர்களுக்குச் சிலை வைத்த துரையின் காசு அங்கே நிற்கிறது. ஆள் உள்ளே இருக்கும்போது தொடாதே என்று அவர் போட்ட ஒரு விதி இங்கே, கோயில் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே சக்கரமாக நிற்கிறது.

லட்சுமியின் கணவன் போன வருஷம் திரும்பி வந்தான். நேரே அந்தக் கூரைக்குப் போய்த் தன் நட்டைத் தேடி, குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பல்லாலும் மறு கையாலும் முடிச்சை அவிழ்த்தான். எல்லாரும் கைதட்டினார்கள். செல்லம்மா அத்தையும் தட்டினார். அச்சுக்குப் பக்கத்தில் அவர் தினமும் தடிமனாக ஒரு பூச்சரம் சுற்றிவைப்பார். மகன் நினைவுக்கு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதன் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போது உங்களுக்கும்.

அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்க. அவ புருசன்தான் வந்துட்டானே, இனிமே யாருக்கு என்ன பயம்" என்றார். அப்புறம், "பூ மாத்தறப்ப அந்தப் புள்ளைங்க கை தெரியாம இழுத்துடப்போவுது, அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

நேற்று மாலை நானும் ஒரு நட்டோடு போனேன். அம்மா வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அத்தைதான் வந்தார். விளக்கைத் தூண்டிவிட்டு, நான் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன நூலுடா அது?"

"சுவருக்கு மட்டம் பிடிக்கிற நூலு அத்தை. ஆரஞ்சு கலரு."

"சாயம் போவுமா?"

"போகாது. நைலான்."

"அப்ப சரி. ஒங்கம்மா வந்து கேட்டா எனக்குக் காட்டத் தெரியணுமில்ல." திரியை மறுபடி தூண்டினார். "போற எடத்துல படகுக்காரங்க யாரையாச்சும் பாத்தா..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டு, என் முடிச்சை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டிருக்க. நீயே வந்து அவுரு."

சக்கரத்தின் அச்சுக்கு மழைக்கு முன்னால் எண்ணெய் விடவேண்டும். ஆரக்கால்களில் பச்சை பிடித்தால் மெல்லிய துணியால் துடைக்கவேண்டும், நூல்களில் கை படாமல். பூச்சரத்துக்குக் கீழே நீலமாக ஒன்று இருக்கும். அதற்கு எதிர்ப்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இருக்கும். இரண்டையும் தொடாதீர்கள். உள்ளே ஆள் இருக்கிறது.